முப்பத்தோரு பென்சில் புள்ளிகள்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, சின்னவள் மூன்று பேரும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்டுத்தான் அடுத்த வரியைத் தொடங்க வேண்டும், ஆனால் அந்த ஒரு கேள்வியை எழுத இப்போது எனக்குக் கை வரவில்லை, ஏன் என்பது இதைப் படித்து முடிப்பதற்குள் உனக்கே தெரிந்துவிடும். மூன்று வாரம் முன்னால் நீ போனில் பேசியபோதே சொல்லியிருக்க வேண்டியதை இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ உடனே ‘சரி விடும்மா’ என்பாய், அதோடு போய்விடும். தட்டச்சு செய்து அனுப்பலாம் என்றால் அதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது, மறுபடியும் எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயம். அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, உன் அப்பா அதை நாலாவது முறையாகச் சரிசெய்தார், இப்போது குழாயும் சொட்டுகிறது, அவருக்கு இடுப்பும் பிடித்துக்கொண்டது. சின்னவள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், கேட்டால் ‘அக்கா வெட்டினப்ப மட்டும் அழகா இருக்குன்னு சொன்னே’ என்கிறாள். நியாயம்தான், நான் என்ன சொல்ல.

நீ அன்றைக்குச் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். எங்களைப் போன்ற சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்களுக்கு இணையப் பக்கம் அமைத்து, பெயர்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றி, நாலு பேருக்குத் தெரியும்படி செய்து கொடுப்பது நீ வேலை பார்க்கும் இடத்தின் வேலை. நீ தனியாகச் செய்த முதல் வேலை எங்களுடையது. இப்போது எங்கள் விஷயத்தில் புகார் வந்து, தப்பு எப்படி நடந்தது என்று இருபதாம் தேதிக்குள் எழுதித் தரச் சொல்லி உன் மேடம் கேட்டிருக்கிறார், அதைப் பார்த்துத்தான் உன்னை நிரந்தரமாக்குவதா அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு நீ, ‘எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியலம்மா, நான்தான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன் போல, அப்படியே எழுதிக் குடுத்துடறேன், நீ மண்டையைக் குழப்பிக்காதே’ என்றாய். நான் உடனே குழாய் சொட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், நினைவிருக்கிறதா? பத்து நிமிஷம் குழாயைப் பற்றிப் பேசினேன். வாலு, நீ எதையும் கவனிக்காமல் விடவில்லை. விட்டவள் நான். தெரிந்தே விட்டேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கே கோர்வையாக வரும். எங்கள் அலுவலகம் உனக்குத் தெரிந்ததுதான், சைக்கிள் கடைக்காரர் காலி செய்துவிட்டுப் போன இரண்டு அறை, முன்னறையில் மடக்கிய சக்கர நாற்காலிகள், சுவரில் ஆணிக்கு ஆணி வாக்கர்கள், பின்னறையில் கழற்றிச் சாய்த்த நோயாளிக் கட்டில்கள், எங்கு பார்த்தாலும் ரப்பரும் பினாயிலும் கலந்த வாசனை. கேட்டு வருகிறவர்களுக்குச் சும்மா இரவல் கொடுக்கிறோம், தேவை முடிந்ததும் திருப்பித் தருகிறார்கள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டரம்மா நடத்துகிறார், வேன் மாமா ஏற்றி இறக்குகிறார், நான் எழுதுகிறேன், அவ்வளவுதான் நாங்கள். உனக்குத் தெரியாத ஒன்று எங்கள் நீள நோட்டில் இருக்கிறது. பொருள் வாங்கிய வீட்டில் அந்த நோயாளி போய்விட்டார் என்று செய்தி வந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். வேறு ஒரு எழுத்தும் எழுத மாட்டோம். புள்ளி வைத்த வீட்டுக்கு யாரும் போன் செய்யக் கூடாது, பொருளைத் திருப்பிக் கேட்கக் கூடாது. வேன் மாமா மட்டும் என்றைக்காவது அந்தத் தெரு வழியாக வேறு வேலையாகப் போகிறவர் மாதிரி போவார், வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுவார், அவர்களாக எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் சும்மா வந்துவிடுவார். இப்படி ஒரு வருஷம் வராமல் கிடக்கிற கட்டில்கூட உண்டு. பேனாவால் வைத்தால் என்ன என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். ஒருமுறை யாரோ சொன்னதை நம்பிப் புள்ளி வைத்துவிட்டார்களாம், பத்தாம் நாள் அந்த ஆளே ஊன்றுகோலோடு வந்து நோட்டை எட்டிப் பார்த்து, ‘என்னம்மா இது, என் பேர்கிட்ட மட்டும் ஈ உக்காந்த மாதிரி இருக்கு’ என்றாராம். சிஸ்டரம்மா அழிரப்பரை அவர் கையிலேயே கொடுத்து, ‘நீங்களே அழிச்சிடுங்க, உங்களுக்கு நூறு வயசு’ என்றாராம். அன்றிலிருந்து பென்சில்தான்.

ஆறு மாதம் முன்னால் நீ பத்து நாள் இங்கே வந்திருந்து எங்களுக்கு எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தாய். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். இணையப் பக்கத்தில் நீ எடுத்துப் போட்ட படங்களைப் பார்த்து, மூடிப்போன ஒரு மருத்துவமனைக்காரர்கள் பதினாலு கட்டில் கொடுத்தார்கள், முகம் தெரியாதவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்து சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார்கள், நாங்கள் கேள்வியே படாத தெருவிலிருந்து ஆட்கள் உதவி கேட்டு எழுதினார்கள். ‘இந்த டப்பாவெல்லாம் எனக்கு எதுக்கு’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட சிஸ்டரம்மா, காலையில் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ‘இன்னிக்கு எத்தனை பேரும்மா நம்மளை எட்டிப் பாத்தாங்க’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நோட்டுகளிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பெயரைக் கணினியில் ஏற்றுகிற வேலையை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன், பதினொரு நாள் ஆயிற்று. ‘நிலை’ என்ற கட்டத்தில் நீ இரண்டே இரண்டு வைத்திருந்தாய், பயன்பாட்டில் உள்ளது, திரும்பி வந்தது. முதல் நாளே ஒரு புள்ளி வந்தது. பொருள் எங்கள் கைக்கு வரவில்லை, அதனால் திரும்பி வந்தது என்று போட முடியாது, அவர் பயன்படுத்தவும் இல்லை. உனக்கு போன் செய்தேன். நீ ஏதோ கூட்டத்தில் இருந்தாய், ‘அம்மா, ரெண்டுல எது கிட்ட வருதோ அதைப் போடு, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று கிசுகிசுவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் செத்தவர்களைப் பற்றிக் கேட்கிறேன் என்று உனக்கு எப்படித் தெரியும், நான் ‘ஒரு சின்னச் சந்தேகம்’ என்றுதானே சொன்னேன். சாயங்காலம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். அந்த வாரத்தில் அது ஒன்பதாவது சந்தேகம், சின்னவள் வேறு ‘டிகிரி வாங்கின ஆள் மாதிரியா கேக்கறே’ என்று சிரித்தாள். உன்னை ஒரு கையால் தூங்கவைத்துக்கொண்டு மறு கையில் பாடப்புத்தகம் வைத்துப் பட்டம் வாங்கினவள், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பத்தோரு புள்ளிக்கும் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்றே போட்டேன். மாதம் பிறந்தால் பயன்பாட்டில் உள்ளவர்கள் எல்லோருடைய போனுக்கும் கணினி தானாகவே ஒரு செய்தி அனுப்பும் என்று நீ சொல்லித் தந்திருந்தாய், இந்த மாதம் எப்படி இருக்கிறீர்கள், நலம் என்றால் 1, நலமில்லை என்றால் 2, பொருள் இனி வேண்டாம் என்றால் 3. புள்ளி வீட்டுக்கும் போகுமே என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை, எனக்கே மறந்துவிட்டது. பிறகு போன மாதம், எங்களிடம் சக்கர நாற்காலி வாங்கியிருந்த அந்த ஓவிய ஆசிரியரின் மகள் இணையத்தில் எழுதியதை நீயும் பார்த்தாய், ஊரே பார்த்தது. அப்பா போன பிறகு அவருடைய போனை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தாளாம், அவர் வரைந்தவற்றின் படங்கள் அதில் இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக உயிர் கொடுத்திருக்கிறாள். திறந்ததும் எங்கள் செய்திகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன, எப்படி இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று ஐந்து தடவை. அதை அப்படியே படமெடுத்துப் போட்டு, இறந்துபோன என் அப்பாவை ஒரு இயந்திரம் மாதாமாதம் நலம் விசாரிக்கிறது, இதற்குப் பெயர் தொண்டாம் என்று எழுதியிருந்தாள். செய்தியின் அடியில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்ததால் படித்தவர்கள் நேராக உங்களிடமே புகார் செய்துவிட்டார்கள். உன் அப்பா அதைப் படித்துவிட்டு, ‘மிஷினுக்கு என்ன தெரியும் யாரு இருக்காங்க யாரு இல்லேன்னு, தெரிஞ்சவங்கதான் அதுக்குச் சொல்லித் தரணும்’ என்றார். எனக்குச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன், மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தேன்.

வேன் மாமாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள், மாடிப்படியின் கீழ் எங்கள் சக்கர நாற்காலி துணி போர்த்தி நின்றது. நான் மன்னிப்பு என்று ஆரம்பித்ததும், ‘அதெல்லாம் வேணாங்க, நீங்கதான் பேரை ஏத்தினதா, எங்கப்பா போனது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்க’ என்றாள். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. தெரியும் என்றேன். ‘தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் அந்தப் பதிவை எடுத்திருப்பேன்க்கா’ என்றாள். அக்கா என்று கூப்பிட்டாளே, கோபமாக இருக்கிறாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு அவளே துணியை எடுத்துவிட்டு நாற்காலியை வேன் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தாள், ஏற்றும்போது பிடியிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை, வேன் மாமாவும் அவசரப்படுத்தாமல் பக்கத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலுவலகத்து வாசலில் இறங்கும்போது வேன் மாமா, ‘தங்கச்சி, நான் போய் வாசல்ல நின்னாலே அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் அந்த வீட்டுல என்ன பேசலாம்னு புரியும், அந்த மிஷினுக்கு எப்படிப் புரியும்’ என்றார். ஆறுதலா, திட்டா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டரம்மா அன்றைக்கே அந்த மாதாந்தரச் செய்தியை மொத்தமாக நிறுத்தச் சொல்லிவிட்டார், நிறுத்தினேன். நிறுத்திய மறுநாளே எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. இடுப்பெலும்பு முறிந்து தனியாகப் படுத்திருக்கும் அந்தத் தையற்காரம்மா, மூன்றாம் மாதம் 2 அழுத்தினதால்தான் வேன் மாமா ஓடிப்போய்ப் பார்த்தார், கட்டிலின் ஒரு கால் வளைந்து இரண்டு நாளாகச் சரிவிலேயே படுத்திருந்தார். செய்தி போகாவிட்டால் அவர் யாரிடம் சொல்வார். இதைச் சொன்னதற்குச் சிஸ்டரம்மா, ‘முன்னாடியெல்லாம் நாம போய்ப் பாக்கலையா’ என்றார். ‘ஆரம்பத்துல நாப்பது வீடு, இப்ப இருநூறு, நான் என்ன றெக்கை கட்டிக்கிட்டா போக’ என்றார் வேன் மாமா. இரண்டு பேரும் பேச்சு வளர்ந்து, கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்வேன், யார் பேசினாலும் அவர்கள் சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது.

இந்தக் குழப்பத்தில் பன்னிரண்டாம் தேதி கைக்கடிகாரம் பழுதுபார்க்கிற பெரியவர் வந்தார். அவருடைய மனைவிக்குத்தான் வாக்கர் கொடுத்திருந்தோம், அந்த அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது, நோட்டில் புள்ளி இருக்கிறது. ஆனால் கணினியில் அந்த அம்மாவின் பெயருக்கு நேராக மாதாமாதம் 1 என்று பதில் வந்திருந்தது. பொத்தானைத் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள் என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ‘என்னம்மா, இந்த மாசம் கேக்கலையே, நிறுத்திட்டீங்களா, பன்னண்டு நாளா போனைப் பாத்துட்டே இருந்தேன்’ என்றார். ஐயா, அது உங்கள் வீட்டம்மாவுக்கு வந்தது என்று மெல்ல இழுத்தேன். ‘தெரியுமே, அவ போன்தானே, அவளைத்தானே கேக்குது, நான் ஒண்ணு அழுத்திடுவேன், அவ நல்லாத்தான் இருக்கா, இனிமே அவளுக்கு என்ன முட்டி வலி இருக்கப் போகுது’ என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன், வாய்தவறிக் கேட்ட மாதிரிதான். அவர் மேசை மேல் இருந்த என் கைக்கடிகாரத்தை எடுத்து, காதில் வைத்துக் கேட்டு, முள்ளைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். அது நாலு நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததாம். அதை என் பக்கமாக நகர்த்திவிட்டு, ‘ரெண்டுன்னு போட்டுக்கம்மா’ என்றார்.

வாலு, எனக்கு இதில் எதுவுமே புரியவில்லை. ஒரே செய்தி, ஒரு வீட்டில் ஆறாத புண்ணைக் கிளறிவிட்டது, இன்னொரு வீட்டில் ஒரு மனிதர் அதற்காகப் பன்னிரண்டு நாள் காத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் நோட்டில் ஒரே அளவு புள்ளிதான். ‘நிலை’யில் மூன்றாவதாக ஒன்று சேர்த்து முப்பத்தோரு வீட்டுக்கும் செய்தி போகாமல் செய்துவிடலாம், அதை நீ ஐந்து நிமிஷத்தில் செய்வாய். அப்படிச் செய்தால் இவருக்கு யார் கேட்பது? இவர் பெயரையே புதிதாகச் சேர்க்கலாம் என்று முயன்றால், ‘பொருள்’ கட்டத்தை நிரப்பாமல் விடக் கூடாது என்கிறது கணினி. அவருக்கு நாங்கள் ஒன்றும் இரவல் கொடுக்கவில்லையே, என்னவென்று நிரப்ப? இப்போதைக்கு நோட்டில் எழுதியிருக்கிறேன், அவர் மனைவியின் பெயருக்குக் கீழே, பொருள் என்ற இடம் காலியாக. நேற்று வேன் மாமா அந்தத் தெருப் பக்கம் வேறு வேலையாகப் போவது போலப் போய்விட்டு வந்தார், அடுப்பே பற்றவைப்பதில்லையாம், மூன்று வேளையும் ரொட்டியும் டீயும்தானாம்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது, அதைச் செய்துவிட்டேன். நேற்று உன் மேடத்துக்குக் கடிதம் அனுப்பினேன், உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து இணைத்து, இந்தப் புள்ளிகளின் அர்த்தம் எனக்குத் தெரியும், உங்கள் ஊழியருக்கு நான் சொல்லவில்லை, தெரிந்தே தவறாக நிரப்பினேன், அவர் என் மகள் என்பதால் இதை எழுதவில்லை, அவர் என் மகளாக இல்லாவிட்டாலும் இதுதான் நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிஸ்டரம்மாவும் கீழே ஒரு வரி எழுதி முத்திரை குத்தினார். இதனால் உனக்கு நல்லது நடக்குமா, அல்லது பெற்ற அம்மாவிடமே சரியாகக் கேட்டு வாங்கத் தெரியவில்லையா என்று உன்மேலேயே திரும்புமா, எனக்குத் தெரியாது. பாதி நேரம் சரியாகத்தான் செய்தேன் என்று தோன்றுகிறது, மீதி நேரம் அனுப்பியிருக்கவே கூடாதோ என்று தோன்றுகிறது. உன் அப்பாவிடமும் நேற்றுதான் சொன்னேன். எழுந்து போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். பிறகு, ‘நாளைக்கு அந்தக் குழாய்க்கு ஆள் கூப்பிட்டுடலாம், எனக்குச் சரிபண்ணத் தெரியல’ என்றார். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல்முறை.

இருபதாம் தேதிக்கு நீ எழுதித் தரப்போவதில் நான்தான் விட்டுவிட்டேன் என்று எழுதாதே. நடந்ததை எழுது, அதில் நான் வந்தால் வரட்டும். வேலை நிலைத்தால் சந்தோஷம், நிலைக்காவிட்டால் உன் அறை அப்படியே இருக்கிறது, சின்னவள் அலமாரியில் பாதியைப் பிடித்துக்கொண்டாள் என்பதைத் தவிர. நீ எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நடக்க வேண்டும், நீ தொட்ட காரியமெல்லாம் துலங்க வேண்டும், தீர்க்காயுசாக இருக்க வேண்டும், இதைத்தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. குளிருக்குப் போடும் காலணியை வாங்கினாயா, கழுத்து வலிக்குத் தைலத்தை ராத்திரி மட்டும் தேய், பகலில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதே. இன்னொன்று. நீ போன நாளிலிருந்து நான் எப்போது கேட்டாலும் ‘நல்லா இருக்கேன்மா’ என்றுதான் சொல்கிறாய், மூன்று வாரம் முன்னால் அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டும் அதையே சொல்லித்தான் போனை வைத்தாய். நானும் ஒவ்வொரு முறையும் 1 என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். இப்போது சரியாகக் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்? ரெண்டு என்றால் ரெண்டு என்றே சொல், அடுத்த வண்டிக்குக் கிளம்பி வருகிறேன்.

முத்தங்களுடன்,
எப்போதும் உன்
அம்மா